ஏழு பேர் நின்ற நெகட்டிவ்

மதியம் மூன்று மணி. ராத்திரியில்தான் பேய் வரும் என்று யார் சொன்னது? மூடிப்போன மில்லின் பின்பக்க ரோடு... ஒரு நாய்கூட இல்லை. வெயில் மட்டும். அந்த ரோட்டில்தான் பழைய வீடியோ கேமரா ஒன்றைத் துண்டில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, உருட்டிக்கொண்டு வந்தான் நம் லாரிக்காரனின் மச்சான். வெல்டர். கதை கட்டத் தெரியாத ஆள். பல்லைக் காட்டாமல் கேளுங்கள்.

அவன் அம்மாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. அந்த மனுஷன் ஃபேக்டரிக் கூரை விழுந்து செத்தபோது வெல்டர் அவள் வயிற்றில் இருந்தான். வீட்டில் போட்டோ கிடையாது. கூட வேலை பார்த்தவர் கொடுத்த ஒரே ஒரு நெகட்டிவ். ஃபேக்டரி வாசலில் ஏழு பேர். கழுத்தில் துண்டு போட்டவர்தான் அப்பா.

இப்போதெல்லாம் நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடுவதில்லை என்று ஸ்டூடியோக்காரர்கள் எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு வீடியோக் கடைக்காரர்தான் இந்தக் கேமராவை எடுத்துக் கொடுத்தார். நெகட்டிவை நேர்ப்படமாகக் காட்டும் சுவிட்ச் அதில் உண்டு.

"பழைய டியூப் கேமராப்பா. ஒரே படத்தையே ரொம்ப நேரம் காட்டாத. உள்ள ஒட்டிக்கும். அப்புறம் எத வச்சாலும் அது மேல பழசும் தெரியும். ஆறு மணிக்கு எனக்கு வந்துடணும்."

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைப் போர்வையால் அடைத்தான். நெகட்டிவுக்குப் பின்னால் பல்பு, முன்னால் கேமரா. டிவிக்கு ஒரு ஒயர், கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர். கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டால் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டலாம்.

எங்கே பதிய? ஒயர் அசைந்தால் படம் போனது. ஒயரை அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றது. மறுபடி முதலிலிருந்து. சூட்டில் நெகட்டிவ் புளித்த நெடி அடித்தது. "சனியனே!" என்று கேமராவை ஓங்கி ஒரு தட்டு தட்டினான். கொய்ங்... என்று ஒரு சத்தம். படம் வந்தது.

எட்டுப் பேர்.

நெகட்டிவை உருவிப் பல்புக்கு நேரே பிடித்து எண்ணினான். ஏழு. திரும்ப வைத்தான். எட்டு. அந்த எட்டாவது ஆள் சரியாக அப்பாவுக்கு முன்னால்... அவர் முகத்தை மறைத்துக்கொண்டு.

வெல்டருக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எவன் வீட்டுப் படமோ கேமராவில் ஒட்டிக்கிடக்கிறது! மூடியைப் போட்டு அரை மணி நேரம் சும்மா இருந்தான். எடுத்தான். எட்டு. சரி, நெகட்டிவை நகர்த்திப் பார்க்கலாம். ஒட்டின படம் என்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், அப்பா மட்டும் விலகி வெளியே வருவார். ஒரு விரல்கடை தள்ளினான்.

அந்த ஆளும் கூடவே நகர்ந்தான்.

இந்தப் பக்கம் தள்ளினாலும்... அந்தப் பக்கம் தள்ளினாலும்.

ஐந்தரை ஆகிவிட்டது. வாசற்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"என்னடா, இன்னுமா?"

"இரும்மா. உன் புருஷனுக்கு முன்னாடி ஒருத்தன் சினிமா டிக்கெட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான். நகர மாட்டேங்கிறான்."

அவள் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தாள். டிவிக் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். பார்த்தாள்... பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவன் எப்படிடா இதுல?"

"யாரும்மா அது?"

"'கூரை விழுந்து உன் புருஷன் செத்துட்டான்'னு எங்கிட்ட வாசல்ல வந்து சொன்னவன்."

"ஃபேக்டரி ஆளா?"

"யாரு கண்டா... பைத்தியம்னு நெனச்சு, மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்திட்டேன். இத்தன வருஷமா யார்கிட்டயும் சொல்லல."

"செத்த சேதி சொல்ல வந்தவன ஏம்மா பைத்தியம்னு நெனச்ச?"

அவள் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"அப்ப உங்கப்பா உள்ள குளிச்சுக்கிட்டு இருந்தாருடா... வேலைக்குக் கெளம்ப."