நீலக்கல் சேணம் விற்பனைக்கு

கன்ட்ரி என்கிற நாட்டுப்புறப் பாட்டை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை, ஷெரிஃப். பால் கறக்கும்போது மாடு மிரளாமல் நிற்கட்டும் என்று வைக்கிறார்கள். எங்கள் பெல்மோரா வானொலியின் நேயர்களில் பாதிக்கு மேல் நாலு கால். ஆனால் காலை பத்து மணிக்கு வரும் 'வாங்கலாம் விற்கலாம்' நிகழ்ச்சியை மட்டும் ஊரே காது கொடுத்துக் கேட்கும். பழைய டிராக்டர், கோழிக்கூண்டு, ஒரே ஒரு முறை உடுத்திய கல்யாண கவுன், எல்லாவற்றையும் நான்தான் வாசிப்பேன்.

லோரீன் டக்கெட் ஆறு வருடம் என்னோடு அதை நடத்தினாள். நல்ல குரல். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. மாவட்டக் கண்காட்சியில் அவளோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். ஒரு கிழவி என் கையில் கேமராவைத் திணித்து, "எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுத்துக் குடுப்பா. நீயும் இங்கதான் வேலை பாக்குறியா?" என்றாள். பதினெட்டு வருடமாக என் குரலில் வானிலை கேட்டு வைக்கோல் உலர்த்துகிறவள். நன்றாகத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச்சில் லோரீன் வீட்டை விட்டு ஓடினாள். புருஷன் வெர்ன் அவள் தாடையை உடைத்தது அது இரண்டாவது முறை. உங்களுக்குத் தெரியாததா? இரண்டு முறையும் 'குடும்ப விவகாரம்' என்று எழுதி மூடியவர் நீங்கள்தானே.

மூன்று வாரம் கழித்து எனக்குப் போன் செய்தாள்.

"ஹார்லன், ஓரிகன்ல அக்கா வீட்டுக்குப் போயிடணும். கையில காசில்ல. என் சேணத்தை வித்துக் குடு. வெறுமனே 'ஒரு சேணம்'னு மட்டும் வாசி. நான் எங்க இருக்கேன்னு மூச்சு விட்றாதே."

"வாங்க வர்றவங்களுக்கு என்ன சொல்ல?"

"உன்கிட்ட வரச் சொல்லு. நீ வந்து எடுத்துக்கோ. பழைய மாவு மில்லுக்குப் பின்னாடி, சக்கரம் வச்ச பச்சை டிரெய்லர் வீடு. உன்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

"கவலைப்படாதே" என்றேன். ஆறுதல் சொல்வது எனக்கு நன்றாக வரும்.

மறுநாள் காலை வெர்ன் வழக்கம்போல லாரியிலிருந்து போன் செய்து பாட்டுக் கேட்டான். பெண்டாட்டி ஓடிப்போன பாட்டு. எங்களிடம் அதற்குப் பஞ்சமில்லை. "ரேடியோவை அணைச்சிடாதே வெர்ன், பத்து மணிக்கு உனக்குன்னே ஒண்ணு வருது" என்றேன்.

"உன்னை மாதிரி நாலு பேர் இருக்கிறதாலதான்யா இந்த ஊர் தாங்குது" என்றான்.

பத்து மணிக்கு வாசித்தேன். பெண்கள் குதிரைப் பந்தயத்துக்கு ஏற்ற சேணம், முன்பக்கம் நீலக்கல் பதித்தது. அப்படியொன்று இந்த மாவட்டத்திலேயே ஒன்றுதான். வாங்கிக் கொடுத்தவன் வெர்ன். பிறகு மாவு மில், பச்சை டிரெய்லர். பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் எப்படி விற்பது?

பத்தே முக்காலுக்கு அவன் அங்கே போய்ச் சேர்ந்ததாக உங்கள் அறிக்கை சொல்கிறது. நான் அப்போது பன்றி விலை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் சாவுச் செய்தியையும் நான்தான் வாசித்தேன். நிறையப் பேர் போன் செய்து என்னைத் தேற்றினார்கள். நல்ல மனிதர்கள்.

தெரிந்துதான் செய்தாயா என்று கேட்கிறீர்கள். முகவரியை ஒரு தடவைதான் வாசிப்பது வழக்கம். அன்று மூன்று தடவை, நிறுத்தி நிதானமாக வாசித்தேன். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவனுக்கு ஒரே தடவையில் மனதில் நிற்காது இல்லையா?