வரிகள் நிற்கும் பக்கம்

– இன்னைக்கும் உன் சிப்புல இருந்து கரண்ட் வரலை, புரொபசர். மீட்டர் பூஜ்யத்துலயே உக்காந்திருக்கு.

– இன்னும் டாக்டர் பட்டமே வாங்கலை, அதுக்குள்ள புரொபசரா? போங்கக்கா.

– நாளைக்கு வேற சிப் கொண்டா. நான் தட்டுல ஒட்டித் தரேன், மறுபடி பாப்போம்.

– சத்தியமா புரியலைக்கா. என் சிப் எல்லாமேவா செத்துப்போகும்?

– என் கையைச் சந்தேகப்படுறியா?

– ஐயோ, இல்ல. நம்ம லேசர் வெளிச்சம் மேலயும் கீழயும்தான் ஆடுது. சிப்புல கோடு கோடா இருக்கிற வரியும் அதே மாதிரி நேரா நிக்கணும். குறுக்க படுத்திருந்தா, எவ்வளவு வெளிச்சம் அடிச்சாலும் அதுக்குக் கண்ணே தெரியாது. ஒரு தடவை கழட்டிப் பாத்துடலாமா?

– கழட்டினா கம்பி அறுந்துடும். டீயைக் குடி, ஆறுது.

– ஆராய்ச்சிக் கமிட்டிக்கு ரீடிங் காட்டலைன்னா வீட்டுக்குப் போன்னுடுவாங்க, தெரியுமில்ல?

– அதெல்லாம் சும்மா மிரட்டுறது. இன்னும் ஆறு மாசம் டைம் கேளு, குடுப்பாங்க.

– கேட்டா?

– கேட்டா என்ன, இங்கயே இருப்பே. வேலை முடிச்சுட்டுப் போன யாராவது இந்த ரூம் பக்கம் திரும்பிப் பாத்திருக்காங்களா? வாசல்ல நின்னு ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

– உங்க பையன் போன் பண்றதில்லையாக்கா?

– பண்ணுவான். ‘சாப்பிட்டியாம்மா’ம்பான். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள வச்சுடுவான். வீட்டுல ஃபிரிட்ஜ் ஒண்ணுதான் சத்தம் போடும். அதுவும் விட்டு விட்டு.

– ம்.

– என்ன அப்படிப் பாக்குறே?

– ஒண்ணுமில்லக்கா. ஒரே ஒரு தடவை கழட்டலாமா? நீங்களே கழட்டுங்க, நான் தொடலை.

– வேண்டாம்னா விடேன்டி! எனக்குத் தெரியாதா எப்படி ஒட்டணும்னு?

– தெரியும்க்கா. அதனாலதான் கேட்டேன்.

– அந்த டீ கிளாஸை இங்க குடு, கழுவணும்.

– போன வாரம் நீங்க லீவுல இருந்தப்போ நானே கழட்டினேன், வரியெல்லாம் குறுக்க படுத்திருந்துச்சு, நேரா ஒட்டிப் பாத்துட்டேன். கரண்ட் சும்மா பிச்சுக்கிட்டு வந்துச்சு. ரீடிங் எல்லாம் அன்னைக்கே அனுப்பியாச்சு, கமிட்டியும் சரின்னுட்டாங்க.

– அப்போ… அப்புறமும் எதுக்குடி தினம் சிப்பைத் தூக்கிட்டு வந்தே?

– நாளைக்கும் இதே நேரத்துக்கு வரட்டுமாக்கா?