எழுந்த பிள்ளை எங்கே போகிறாள்?

பொறுமையே பொன்னாடையாய்ப் போர்த்து அமர்ந்திருக்கும் நகர மன்றத் தலைவர் அவர்களே! ஊர் உறங்க விழித்திருக்கும் தீயணைப்பு வீரர்களே! அவையை நிறைத்திருக்கும் பெரியோரே! பிள்ளையின் போர்வையை அரைத்தூக்கத்திலேயே சரிசெய்யும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

தீப் பாதுகாப்பு ஆய்வாளர் வந்திருக்கிறாள், தீயைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது தூக்கத்தைப் பற்றி!

தூக்கம் என்பது என்ன? கண் மூடுவதா? காதும் சேர்ந்து மூடுவதா? எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்ன அறை. நீலத் திரை, மங்கிய விளக்கு, மெத்தென்ற கட்டில். மதியத்தில் பிள்ளைகள் வந்து உறங்குவார்கள். உறங்கியதும் புகை எச்சரிக்கை மணியை அலறவிடுவோம். எழுந்தார்களா? புரண்டு படுத்தார்கள்! என் மகளும் அப்படித்தான். பிறகு கேட்டால், "அம்மா, நான் ரயில்ல போனேன். மேகத்துக்குள்ள ஊதிக்கிட்டே போச்சு" என்கிறாள். மணியொலியைக் கனவு ரயிலின் ஊதலாக்கிவிட்டாள்!

மணிக்கு மசியாதவள் தாய்க்கு மசிவாளா? என் குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டோம். "ஏய் குட்டிமா, எந்திரிடி! நேரமாச்சு!" சடாரென்று எழுந்தாள். நாங்கள் கைதட்டினோம். அவளோ கண்ணைக் கசக்கிக்கொண்டு, கை கழுவும் தொட்டிக்குப் போய், விரலால் பல் தேய்க்கத் தொடங்கிவிட்டாள்!

சிரியுங்கள், சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். தினமும் பள்ளிக்கு எழுப்பும் சொல்லையே பதிந்து வைத்த மேதாவி நான்! எழுப்ப யோசித்தோம், எழுந்தவள் எங்கே போவாள் என்று யோசிக்கவில்லை. அது நிஜப் புகையாக இருந்திருந்தால்?

எந்தச் சொல் அவளைக் கதவுக்கு அழைத்துவரும்? அதைத் தேடத் தொடங்கியபோதுதான் நிதியை நிறுத்தினார்கள். "அதான் மணி இருக்கே மேடம், அப்புறம் என்ன ஆராய்ச்சி?" என்றார் அதிகாரி. அடுத்த வாரம் அந்த அறை கிடங்காகப் போகிறது.

என்னம்மா அங்கே? "எங்க குரலையும் எடுத்துக்கங்க" என்கிறீர்களா? வாருங்கள் தாயே, வாருங்கள்! குரலுக்குக் குறைவில்லை, அதைச் சோதித்துப் பார்க்க அறைதான் இல்லாமல் போகிறது. அதைக் காக்கும் தீர்மானம் இன்று இந்த மன்றத்தின் முன் இருக்கிறது.

தலைவர் அவர்களே, இத்தனை படித்தும், புகை சூழும் வேளையில் என் மகள் எந்தப் பக்கம் நடப்பாள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் நடப்பாள் என்று உங்களுக்குத் தெரியுமா?

செவி தந்த அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மன்றத்தாரே, தீர்மானத்தை ஆதரித்துக் கைகளை உயர்த்துங்கள். வணக்கம்!