தீவனக்கடைப் பலகையில் ஹாப்ஸ்

டெல்ஃபியா: நான் கார்லயே உக்காந்திருக்கேன்னு வீட்டுலேருந்து நூறு தடவை சொல்லிட்டேன். நீ போயி உன் பல்லியத் தேடுக்கா.

மோசெல்: பல்லி இல்லடி, சாலமாண்டர். பல்லிக்குச் செதில் இருக்கும். இது தவளைத் தோல் மாதிரி வழவழன்னு... கறுப்பு உடம்புல மஞ்சப் பொட்டு. அறுபத்தெட்டு வருஷம் எனக்குத் தங்கச்சியா இருந்து இதுகூடத் தெரியல.

டெல்ஃபியா: ஈரமா இருக்கிற எதுவும் எனக்கு ஆகாது. மார்ச் மாசக் காத்துல என் மூக்கு கழண்டு விழுந்து அரை மணி நேரம் ஆச்சு. முதல்ல அதத் தேடு.

மோசெல்: எறங்கு. சாட்சி வேணும். படமோ சாட்சியோ இல்லாம இந்த வருஷம் பலகையில பேர் எழுத மாட்டேன்னு கடைக்கார ஆரின் சொல்லிட்டான்.

டெல்ஃபியா: ஒரு தீவனக்கடைப் பலகைக்கு இவ்வளவு பாடா...

மோசெல்: இந்த ஓசார்க் மலைப்பக்கம் வருஷத்தோட முதல் சாலமாண்டர யாரு பாத்தாங்களோ, அடுத்த மார்ச் வரைக்கும் அவங்க பேருதான் அதுல. மூட்டை வாங்க வர்றவன் எல்லாம் படிச்சிட்டுத்தான் போவான்.

டெல்ஃபியா: பத்தொன்பது வருஷம் உன் பேரத்தான் படிச்சான். அலுத்துப்போயி குதிரைங்களே வேற கடைக்குப் போயிடுச்சு.

மோசெல்: அப்புறம் நாலு வருஷமா யாரு பேரு? டபிள்யூ. ஹாப்ஸ். ஆளு கிடையாது, வீடு கிடையாது. வருஷா வருஷம் தபால்ல ஒரே ஒரு படம். நாலு வருஷமும் அதே சாலமாண்டர். அதுலயும் தல மட்டுந்தான், நெத்தியில மூணு பொட்டு. மிச்ச உடம்பு இலைக்குள்ள. முப்பது வருஷம் இந்த ஊர்த் தபாலாபீஸ்ல இருந்தவ நான். ஹாப்ஸ்னு ஒருத்தனுக்கு ஒரு கடுதாசி வந்ததில்ல.

டெல்ஃபியா: போன வருஷப் படத்தப் பாத்ததுலேருந்து பொறாமைல நீ அந்தக் கடை வாசலயே மிதிக்கிறதில்ல. நம்ம கோழிங்க தீவனம் இல்லாம குளிர்காலம் பூரா நம்ம பிஸ்கட்டையும் கிரேவியையும் தின்னுட்டு நம்மளவிடக் குண்டா திரியுது.

மோசெல்: பொறாமைதான். இல்லைன்னா சொன்னேன்? பாத்து வா, வழுக்கும்... குளத்துப் பக்கம் தவளைங்க கத்துது கேக்குதா?

டெல்ஃபியா: கேக்குது. கட்டைவிரல் நகத்தளவு தவளை, சத்தம் மட்டும் நம்ம தேவாலயத்து ஆர்கனைவிட...

மோசெல்: நகத்தளவுன்னு உனக்கு யாரு சொன்னா?

டெல்ஃபியா: ...நீதான் சொல்லியிருப்ப. வாயத் தொறந்தா வேற என்ன பேசற?

மோசெல்: ம். தள்ளி நில்லு, இந்தத் தகரத்தத் தூக்கறேன்... ஆ, பாம்பு.

டெல்ஃபியா: ஐயோ, ரயில் நீளம்.

மோசெல்: மரக்கரண்டி நீளங்கூட இல்ல. சாதுப் பாம்பு, வெயிலுக்கு வந்திருக்கு. நீ ஒண்ணும் ஓடலையே?

டெல்ஃபியா: ஓட முட்டி ஒத்துழைக்கல.

மோசெல்: தகரம் இருந்தபடியே இருக்கட்டும்... அந்த ஹாப்ஸ் எப்படிப்பட்டவன்னு நெனைக்கிற? நான் சொல்றேன். கிழட்டுப் பய. வாயில ஒரு பல் இருக்காது.

டெல்ஃபியா: பல்லெல்லாம் இருக்கும்.

மோசெல்: ஏதோ குருட்டு அதிர்ஷ்டத்துல பாத்திருப்பான்.

டெல்ஃபியா: நாலு வருஷமுமா? கெட்டிக்கார ஆளுன்னு ஒத்துக்கயேன். உன்னவிட மேல ஒரு ஆளு இருக்கக் கூடாதா?

மோசெல்: உனக்கு ஏன் கோவம் வருது?

டெல்ஃபியா: குளிருதுக்கா.

மோசெல்: சரி, இந்தக் கட்டைதான். உன் பக்கமா உருட்டு. அடியில பாம்பு இருந்தா உனக்கும் அதுக்கும் நடுவுல கட்டை நிக்கும்... மெதுவா. இதோ பாரு. இலைக்குள்ளேருந்து தல நீட்டுது. நெத்தியில மூணு பொட்டு. சாட்சி சொல்லு.

டெல்ஃபியா: இது இங்க இருக்காது.

மோசெல்: இருக்கே.

டெல்ஃபியா: இருக்க முடியாது. இதுங்க வருஷா வருஷம் ஒரே குளத்துக்குத்தான் திரும்பும். பாறைக்குழிக் குளத்துலேருந்து நாலு மைல் நடந்தா வந்துச்சு? நீ தூக்கிட்டு வந்து வச்சிருக்க. பித்தலாட்டக்காரி... பத்தொன்பது வருஷமும் இப்படித்தானா?

மோசெல்: மூணு பொட்டு எதுக்கு வேணும்னாலும் இருக்கும்டி.

டெல்ஃபியா: இலைய வெலக்கு. வாலுக்கு மேல ரெண்டு பொட்டு ஒட்டிப்போயி மூக்குக்கண்ணாடி மாதிரி இருக்கும். இல்லேன்னா என் பேர மாத்திக்கிறேன்.

மோசெல்: வெலக்கறேன்... கண்ணாடியேதான். ஃபிரேமு, காது மாட்டறது எல்லாம் இருக்கு.

டெல்ஃபியா: பாத்தியா?

மோசெல்: பாத்தேன். படத்துல வாலே கிடையாதேடி.

டெல்ஃபியா: சரி, ஹாப்ஸ் நான்தான். இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன்க்கா. பசங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா? "மோசெலோட தங்கச்சி பஸ் வந்துருச்சு." என் பேரப் போட்டிருந்தா, அக்கா எடத்தக் காட்டிக் குடுத்தா, தங்கச்சி போயிப் பாத்தான்னுதான் ஊர்ல சொல்லியிருப்பாங்க. உன் பேரு ஒட்டாத ஒரே ஒரு விஷயம் எனக்கு வேணும்னு இருந்துச்சு. நீ அந்தப் பலகையப் பாத்து எரியறதப் பாக்கவும் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல... எப்பக் கண்டுபிடிச்ச?

மோசெல்: போன வாரம். பாட்டுப் பயிற்சிக்குன்னு சொல்லிட்டுப் போன உன் பூட்ஸ்ல பாறைக்குழி நீலக் களிமண். ஆனா ஹாப்ஸ்ங்கிறது அப்பா வச்சிருந்த கோவேறு கழுதை பேருன்னு நாலு வருஷமா எனக்கு உறைக்கல பாரு, அதுதான் வயித்தெரிச்சல். இன்னிக்குக் காலைல அங்க போயி ஒவ்வொரு கட்டையா உருட்டி, உன் மூணு பொட்டுக்காரியப் பிஸ்கட் டப்பாவுல ஈரப் பாசி போட்டு எடுத்துட்டு வந்தேன். ஹாப்ஸத் தவிர வேற யாரும் அத அடையாளம் சொல்ல முடியாதுல்ல? இப்ப கைய நனைச்சிட்டு அதத் தூக்கு, எடுத்த எடத்துலயே விட்டுட்டு வருவோம். அங்கயே படம் எடு. அடியில உன் சொந்தப் பேரப் போடு. அடுத்த வருஷம் நான் ஜெயிக்கும்போது, மோசெல் ஒரு கழுதைய ஜெயிச்சான்னு யாரும் சொல்லிடக் கூடாது.