நிறைந்த பஸ் போகாத பாலம்

"நேத்து நம்ம பாலத்தை மூணு தரம் உடைச்சேன், அத்தை."

கண்டியிலிருந்து பன்வில போகும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த இளம்பெண் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். பக்கத்திலிருந்த அத்தை பதறவில்லை.

"கம்பியூட்டர்லயா?"

"ஆமா. பாலத்துல கருவி பூட்டியிருக்கோம்ல, அது அனுப்புற அதிர்வை வச்சு அதே மாதிரி கம்பியூட்டர்ல ஒரு பாலம் செஞ்சிருக்கேன். அதுதான் என் பிஎச்டி. இந்த பஸ் ஆளோட நிறைஞ்சு போனா அது உடைஞ்சிடுது."

"அப்ப நெசப் பாலமும் உடையுமா?"

"அதான் தெரியல. நிறைஞ்ச பஸ் அதுமேல போனதே இல்லையே. பாலம் பழசுன்னு எல்லாரும் இறங்கி நடந்துடுறாங்க, வெறும் பஸ்தான் போகுது. ஒரே ஒரு தடவை எல்லாரும் உக்காந்தபடியே போனா, என் கணக்கு சரியா தப்பான்னு தெரிஞ்சிடும்."

"இன்னைக்குச் சொல்லிப் பாரேன் புள்ள. எல்லாம் நம்ம ஆளுங்கதானே."

"சொல்லலாம்தான்."

பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. தூறலுக்குக் குடைகளை எடுத்துக்கொண்டு வழக்கம்போல எல்லோரும் எழுந்தோம். அத்தை மட்டும் மடியில் பையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"என்ன அத்தை?"

"ஒன் படிப்புக்கு ஆள் வேணும்னியே. நான் இருக்கேன்."

அவள் அந்தப் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"படிப்பு கெடக்கட்டும். மொதல்ல எந்திரிங்க."