மாடியில் விரித்த சிவப்புப் போர்வை

"காய்ஞ்ச போர்வையை அஞ்சு நாளா வெயிலிலை போடுறன். எனக்கு விசரெண்டு வீட்டுக்காரச் சிஞோரா நினைக்கிறா."

பிரான்காச்சோ போகும் பேருந்தில், முகக்கவசம் போட்ட இரண்டு பெண்கள். இளையவளின் கணவன் படகில் வந்தவன். கொரோனாத் தனிமைப்படுத்தலென்று அவனைத் துறைமுகத்துக் கப்பலொன்றில் வைத்திருக்கிறார்கள். அவன் பார்க்கட்டுமென்று, வேலை செய்யும் வீட்டு மாடியில் இவள் சிவப்புப் போர்வை விரிக்கிறாள். ஏழு வருடப் பிரிவு.

"அவருக்குத் தெரியுதாமோ?"

"ஓம் அக்கா. வடிவாத் தெரியுதெண்டு நெடுகப் போனிலை சொல்லுவார்."

"பிறகென்னடி, கலியாணம் கட்டி இப்பதான் காதல் நடக்குது!"

"இண்டைக்குச் சிஞோரா சிவப்பைத் தோய்க்கப் போட்டிட்டா. நீலம்தான் விரிச்சனான்."

மூத்தவளின் சிரிப்பு நின்றது.

"இண்டைக்கும் சிவப்பு வடிவாத் தெரியுதாம். கப்பலிலை அவரின்ரை அறைக்கு யன்னலே இல்லைப் போலை."

"நீ என்ன சொன்னனி?"

"கையும் காட்டினனான், கண்டனீங்களோ எண்டு கேட்டன்."