கணக்குல குறையிற ஒரு ஆள்

கதவத் தொறக்க மாட்டேன் சார். நீங்க எவ்வளவு கத்துனாலும் தொறக்க மாட்டேன். வெயில் அடிக்குது, காத்து நின்னுபோச்சு, எனக்கும்தான் தெரியுது. ஆனா புயல் போகல. நாம இப்ப அதோட கண்ணுக்குள்ள உக்காந்திருக்கோம். இன்னும் கொஞ்ச நேரத்துல எதிர்ப்பக்கத்துலேர்ந்து வரும் பாருங்க, அதுதான் மோசம். முதல் காத்துல ஆட்டம் கண்டதையெல்லாம் ரெண்டாவது காத்து புடுங்கிக்கிட்டுப் போயிரும். உங்க கார் போனா போகட்டும் சார். அதுக்குள்ள நீங்க இல்லாம இருந்தா சரி.

இப்படி படியில உக்காருங்க. பாப்பா தூங்குதுல்ல, தூங்கட்டும். எனக்கும் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணும். இல்லன்னா பைத்தியமே புடிச்சிரும் போல இருக்கு.

ஆமா, காலைல வாசல்ல நின்னது நான்தான். பாப்பா கையில முத்திரை குத்தினேனே, இன்னொரு கையிலயும் குத்துன்னு அடம் புடிச்சுதே. பதினோரு வருஷமா அந்த வாசல்லதான் நிக்கிறேன். இது எனக்கு மூணாவது புயல். முன்ன ரெண்டு தடவையும் முந்தின நாளே இந்த ராட்டினப் பார்க்கையே பூட்டிட்டோம். இது நாளைக்குத்தான்னு சொன்னாங்க, மத்தியானமே வந்து நின்னுருச்சு. பாதிப் பேரு கெளம்பறதுக்குள்ள ஊருக்குப் போற பாலத்த மூடிட்டாங்க. டிக்கெட்டா? அதுக்கென்ன சார், வேற தேதிக்கு மாத்திக் குடுப்பாங்க. புயல் செய்தி வந்தா வீட்டுலயே இருந்துருங்க, டிக்கெட் எங்கயும் ஓடாது. நாலு பேருக்குச் சொல்லுங்க.

சேரெல்லாம் ஏன் குளத்துக்குள்ள கெடக்குன்னு பாப்பா கேட்டுச்சுல்ல? நாங்கதான் தூக்கிப் போட்டோம். மேல கெடந்தா பறந்து வந்து யார் மண்டையையாவது பொளக்கும், தண்ணிக்குள்ள சமத்தா கெடக்கும். இங்க வளக்குற கிளி, கொக்கு எல்லாம் ஆம்பளைங்க டாய்லெட்ல இருக்கு. சிரிக்காதீங்க, இங்க அந்தக் கட்டடம்தான் கெட்டி. ராட்டினத்த மட்டும் கட்ட மாட்டாங்க. பிரேக்க எடுத்து விட்டுருவாங்க, காத்து தள்ளுற பக்கம் அது பாட்டுக்குச் சுத்தும். இழுத்துப் புடிச்சாத்தான் முறியுமாம். என் வீட்டுக்காரர் சொல்லுவாரு. ராட்டின மெக்கானிக் அவருதான்.

வெளியில போயிருக்கறதும் அவருதான்.

எதுக்கா? ஒரு ஆள் குறையுது சார். வாசல்ல இடுப்பால தள்ளிக்கிட்டு வந்தீங்களே, அந்தச் சுத்துற கேட்டு ஒவ்வொரு ஆளா எண்ணிக்கிட்டே இருக்கும். இன்னைக்கு உள்ள வந்தது முந்நூத்தி நாப்பத்திரெண்டு. பாலம் மூடறதுக்குள்ள போனது நூத்தி முப்பது. மீதி இருநூத்திப் பன்னெண்டு தலை இந்த மண்டபத்துல இருக்கணும். மூணு தடவ எண்ணினேன், இருநூத்திப் பதினொண்ணுதான் வருது. கைக்கொழந்தைங்கள எண்ண மாட்டோம், அதையும் பாத்துட்டேன்.

இல்ல, இங்க யாரும் தன் ஆளக் காணோம்னு சொல்லல. அதுதான் அவர் மனசப் போட்டு அறுத்துருச்சு. பாவம், தேடறதுக்கு ஒரு நாதி இல்லாம தனியா வந்த யாரோன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. காத்து நின்னதும் எழுந்திரிச்சிட்டாரு. மேனேஜர் வேணாம்னாரு, நான் கையப் புடிச்சேன். சந்து பொந்தெல்லாம் எனக்குத் தெரியும், இருபது நிமிஷத்துல வந்துருவேன்னு போனாரு. இப்ப நாப்பது நிமிஷம் ஆச்சு. வாக்கி டாக்கியில கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்டை வறண்டுபோச்சு. கரகரன்னுது, அவ்வளவுதான்.

நீங்களா? வேணாம் அண்ணே. பாப்பாவ யாருகிட்ட விட்டுட்டுப் போவீங்க?

காத்து திரும்பினா இந்த இரும்புச் சட்டத்தக் குறுக்க போடணும். போட்டுட்டா அப்புறம் யார் தட்டினாலும் எடுக்கக் கூடாது. கதவு பிச்சிக்கிட்டுப் போச்சுன்னா கூரையும் சேந்து போயிரும், அதான் இங்க ரூல். சட்டம் போடற வேலை என்னுது. புரியுதா அண்ணே? அவர் வெளியில நின்னு தட்டுவாரு, நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டு இருக்கணும்.

அழல. எனக்கு அழக்கூட வரல.

ஒண்ணு சொல்லவா? மேனேஜர்கிட்ட இன்னும் சொல்லல, வாய் வரல. தெனமும் காலைல தொறக்கும்போது கேட்டு ஓடுதான்னு கையால ஒரு தள்ளு தள்ளிப் பாப்பேன். அதையும் அது ஒரு ஆளுன்னு எண்ணிக்கும். சாயங்காலம் அந்த ஒண்ணக் கழிச்சிட்டுத்தான் கணக்குச் சொல்லணும். பதினோரு வருஷமா கழிச்சிருக்கேன். இன்னைக்கு நீங்கல்லாம் கத்துன கத்துல, ஓடுன ஓட்டத்துல, கழிக்கல. அவர் போய்ப் பத்து நிமிஷம் கழிச்சு இந்தப் படியில உக்காந்து கணக்குப் பேப்பரப் பாக்கறேன், அந்த ஒண்ணு கழிக்காம அப்படியே நிக்குது. யாரும் குறையல அண்ணே. எல்லாரும் இங்கதான் இருக்கீங்க. அந்த மனுஷன் இல்லாத ஆளத் தேடிக்கிட்டு இருக்காரு. ஆள் கெடைக்காம அவர் திரும்ப மாட்டாரு, எனக்கு அவரத் தெரியும்.

மரம் அசைய ஆரம்பிச்சிருச்சு. எழுந்திரிங்க. இந்தச் சட்டத்த நீங்க புடிங்க, கனமா இருக்கும், ரெண்டு கையாலயும் புடிங்க. நான் ராட்டினம் வரைக்கும் ஓடிட்டு வந்துடறேன். காத்து கதவத் தள்ளுச்சுன்னா யோசிக்காம போட்டுருங்க, என் குரல் கேட்டாலும் தொறக்காதீங்க. மேனேஜர் வந்து கேட்டா இருநூத்திப் பதினொண்ணும் உள்ள இருக்கு, கணக்கு சரின்னு சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் அதுல சேத்தி இல்ல. வேலைக்காரங்க பின்வாசல் வழியா வர்றவங்க, எங்கள அந்தக் கேட்டு எண்ணாது.